அரை விரல் எச்சில்

சோதனைக் குழாயில் போட்டிருந்த கறுப்புக் கோடு வரைக்கும் எச்சில் வேண்டும். அரை விரல் உயரம்தான். பதிவு அலுவலகத்தின் கழிப்பறைக்குள் இருபது நிமிடமாக நின்று முயன்றுகொண்டிருந்தார் ரிஃபாத். வாயில் ஒரு சொட்டு ஊறவில்லை. தமியாத் கடைத்தெருவில் அப்போதுதான் பாகிலிருந்து எடுத்த முஷப்பக்கை நினைத்துப் பார்த்தார். ஜிலேபிக்கு அண்ணன் மாதிரி இருக்கும் அந்தப் பலகாரத்தை நினைத்தும் நாக்கு மேலண்ணத்தைவிட்டு நகர மறுத்தது.

வெளியே மூன்று பேர் கதவைத் தட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மூன்றாவது ஆள் தன் தாயாரின் இறப்பைப் பதிய வந்தவர். உள்ளே இருக்கிறவர்தான் பதிந்து தர வேண்டியவர் என்பது அவருக்குத் தெரியாது.

பிறப்பு இறப்புப் பதிவில் ரிஃபாத்துக்கு இருபத்திரண்டு வருடம். 'இறப்புக்குக் காரணம்' என்ற கட்டத்தில் சர்க்கரை நோய் என்று எத்தனை முறை எழுதியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. இரண்டு முறை மட்டும் மறக்கவில்லை. ஒன்று பெரியப்பாவுக்கு, ஒன்று அப்பாவுக்கு. அண்ணன் ஃபவ்ஸிக்கு இடது காலில் இரண்டு விரல் போய்விட்டது. தம்பி நஷாத் தினம் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்கிறான். வீட்டில் மிச்சம் ரிஃபாத் ஒருவர்தான். அவருக்குச் சர்க்கரை இல்லை என்பதற்கு ஒரே காரணம், அவர் இதுவரை சோதித்துப் பார்க்கவில்லை என்பதுதான்.

ஆறு மாதமாகத் தாகம் தாங்கவில்லை. அவர் அதை வெயில் என்றார். அந்த ஆறு மாதத்தில் நாலு மாதம் குளிர்காலம்.

இந்தக் குழாய் அவர் கைக்கு வந்ததற்குக் காரணம் டாக்டர் நெவீன். சர்க்கரை சில குடும்பங்களை மட்டும் ஏன் விடாமல் பிடிக்கிறது என்று ஆராய்கிற அம்மாள் அவர். நாற்பது வயது தாண்டிய அண்ணன் தம்பிகளிடம் எச்சில் வாங்கி, மரபணுவில் இருக்கிற சின்னச் சின்ன மாற்றங்களை எண்ணுகிறார். ஒவ்வொன்றும் கடுகளவுதான், நூற்றுக்கணக்கில் கூடினால் அது ஒரு ஆபத்தாகிறது, அந்தக் கூட்டுத்தொகையை நூற்றுக்கு இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதித் தருவோம் என்று அவர் மூன்று பேரையும் உட்கார வைத்து விளக்கினார். ஃபவ்ஸியும் நஷாத்தும் அங்கேயே துப்பிக் கொடுத்துவிட்டார்கள். ரிஃபாத் வேலை இருக்கிறது என்று குழாயைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அப்படியே தொலைத்திருப்பார்.

தொலைக்க விடாதவர் இக்லால் அம்மாள்.

ரிஃபாத்தின் மகள் மயாதாவை இக்லாலின் ஒரே மகன் ஹுஸாமுக்குக் கேட்டிருந்தார்கள். பையன் மருந்துக்கடை வைத்திருக்கிறான், குணமானவன், மயாதாவுக்கும் பிடித்திருந்தது. எல்லாம் பொருந்திவந்த இடத்தில் இக்லால் ஒன்றே ஒன்று கேட்டார். அவர் கணவருக்குச் சர்க்கரையில் முதலில் கால் போனது, பிறகு கண் போனது. பதினோரு வருடம் அவரைத் தூக்கிக் குளிப்பாட்டியவர் இக்லால். அதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உங்க அண்ணன் தம்பியப் பத்தி எனக்குக் கவலை இல்ல. பொண்ணு உங்க ரத்தம். டாக்டரம்மா ஒரு தாள் குடுக்குறாங்களாமே, அதைக் காட்டுங்க. என் பையன் தலையிலயும் அந்தப் பதினோரு வருஷத்தை நான் கட்ட மாட்டேன்."

தாளுக்கு எச்சில் வேண்டும். எச்சிலோ வரவில்லை. வந்தாலும் அது என்ன சொல்லும் என்பது தனக்குத் தெரியும் என்றே ரிஃபாத் நினைத்தார். அப்பாவின் மூக்கு, அப்பாவின் வழுக்கை, அப்பாவின் தொப்பை மூன்றும் அவரிடம் இருந்தன. நான்காவது மட்டும் எங்கே போய்விடும்?

கழிப்பறையைவிட்டு வெளியே வந்தபோது எதிரே அலுவலகக் கடைநிலை ஊழியர் துஹாமி தேநீர்த் தட்டோடு நின்றார். ஐம்பத்து நாலு வயது. நாணல் குச்சி போல் உடம்பு. ஒரு தம்ளருக்கு ஐந்து கரண்டி சர்க்கரை போட்டுக் குடிப்பார். அப்பா தொண்ணூற்றொன்று வரை இருந்தாராம், அம்மா இன்னும் இருக்கிறாராம். ரிஃபாத் அவரைப் பழைய பதிவேடுகள் அடுக்கிய அறைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"துஹாமி, எனக்கு ஒரு உதவி. இதுல கோடு வரைக்கும் துப்பிக் குடு."

துஹாமி குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எதுக்கு உஸ்தாத்?"

"பொண்ணு கல்யாணத்துக்கு."

மயாதா பிறந்த பதிவுத் தாளைத் தன் கையாலேயே கோப்பில் கட்டியவர் துஹாமி. அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னால் மறுக்க முடியாது. சாயங்காலத்துக்குள் தருகிறேன் என்று குழாயை வாங்கி மேல்பையில் வைத்துக்கொண்டார். ரிஃபாத்துக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது போலிருந்தது. அன்று மத்தியானம் பொரித்த மீனும் சோறும் ஒரு பிடி பிடித்துவிட்டு மேஜையிலேயே கண்ணயர்ந்தார். வேலை முடிந்து கிளம்புகிற நேரத்தில் குழாய் மூடி இறுக்கப்பட்டு, கோட்டுக்கு மேலேயே நிரம்பி, அவர் மேஜைக்கு வந்துவிட்டது. நன்றி சொன்னார். துஹாமி அவர் முகத்தைப் பார்க்காமல் தம்ளர்களை எடுத்துக்கொண்டு போனார். வெட்கப்படுகிறார் என்று ரிஃபாத் எடுத்துக்கொண்டார்.

ஆறு வாரம் கழித்து டாக்டர் நெவீன் கூப்பிட்டனுப்பினார். அந்த ஆறு வாரமும் ரிஃபாத் தூங்கவில்லை என்று சொல்ல முடியாது. தூங்கினார், ஆனால் தண்ணீர் குடிக்கவும் அதை வெளியேற்றவும் எழுந்தது போக மிச்ச நேரத்தில்.

டாக்டர் அம்மாள் தாளை மேஜைமேல் திருப்பி வைத்தார். ஆபத்துக் குறைந்தவரிலிருந்து நூறு பேரை வரிசையாக நிறுத்தினால் ஃபவ்ஸி தொண்ணூற்று நான்காவது ஆள், நஷாத் எண்பத்தொன்பது. ரிஃபாத் ஏழாவது ஆள்.

"ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்தாலும் சீட்டு ஒவ்வொருத்தருக்கும் வேற வேற மாதிரி விழும். ஆனா இவ்வளவு வித்தியாசத்தை நான் அடிக்கடி பார்த்ததில்ல" என்றார். அவர் கண் பளபளத்தது. "உங்களை இன்னும் பார்க்கணும். முதல்ல ரத்தத்துல சர்க்கரை எவ்வளவுன்னு ஒரு சோதனை."

"இன்னொரு நாள் வர்றேன் டாக்டர்."

"ஒண்ணு சொல்லிடறேன். எண் குறைவுன்னா வராதுன்னு அர்த்தமில்ல. மரபணு சும்மா இருந்தாலும் வயிறு சும்மா இருக்கணுமே. அந்த இடுப்பைக் குறைங்க."

ரிஃபாத் தலையாட்டிக்கொண்டே தாளை மடித்தார். துஹாமிக்குத்தான் இடுப்பே கிடையாதே, அவருக்கு இந்த எச்சரிக்கை எதற்கு என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினார்.

தாளைப் பார்த்த இக்லால் அப்போதுதான் முதன்முறையாக அழுதார். அழுதுகொண்டே உள்ளே போய் ஒரு தட்டு நிறைய முஷப்பக் கொண்டுவந்தார். பதினோரு வருடம் வீட்டுக்குள் இனிப்பே சேர்த்ததில்லை, கணவர் போன பிறகும் கை வரவில்லை, இன்றைக்குத்தான் பயமில்லாமல் ஒரு ஆணின் கையில் இனிப்பைக் கொடுக்கிறேன் என்றார்.

"சாப்பிடுங்க சம்பந்தி. நான் எண்ணவே மாட்டேன்."

ரிஃபாத் ஒன்று எடுத்தார். அவர் எண்ண மாட்டேன் என்றது உண்மை. இக்லால் அவர் தட்டில் இன்னும் எட்டு வைத்தார்.

அன்றிலிருந்து ரிஃபாத்துக்குக் கெட்ட காலம் தொடங்கியது. வாரத்தில் இரண்டு நாள் அந்த வீட்டிலிருந்து தட்டு வந்தது. இத்தனை வருடம் அவர் கையில் பலகாரத்தைப் பார்த்தாலே பிடுங்கி வைக்கிற மனைவி கவ்ஸர், தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்துவிட்டுக் காவலைக் கைவிட்டாள். வீணாக உங்களைப் பட்டினி போட்டுவிட்டேனே என்று வருந்தி, பால்சோறு கிண்டினாள். அண்ணன் ஃபவ்ஸி கோபித்துக்கொண்டு ஒரு வாரம் பேசவில்லை. அப்பா எங்கள் இரண்டு பேருக்கும் நோயைக் கொடுத்துவிட்டு இவனுக்கு மட்டும் தாளைக் கொடுத்தார் என்று ஊரெல்லாம் சொன்னார். பிறகு மனம் இளகி, தன் வீட்டுக்கு வருகிற பலகாரத்தையெல்லாம் தம்பிக்கு அனுப்பத் தொடங்கினார்.

"எங்க பங்கையும் நீயே சாப்பிடுடா" என்றார் தொலைபேசியில். "கண்ணால பார்த்துக்கிட்டாவது இருக்கோம்."

பல்வலி என்று சொல்லிப் பார்த்தார் ரிஃபாத். இக்லால் மெல்ல வேண்டாத பண்டமாகப் ரொட்டியைப் பாலில் ஊறவைத்த உம் அலி செய்து, சூட்டோடு கொடுத்தனுப்பினார். திங்களும் வியாழனும் நோன்பு வைக்கிறேன் என்றார் ரிஃபாத். என்ன நல்ல மனிதர் என்று இக்லால் நோன்பு திறக்க அவரைத் தன் வீட்டுக்கே அழைத்து, பேரீச்சம்பழத்தோடும் சர்பத்தோடும் தொடங்கி வைத்தார். வாரம் இரண்டு தட்டு என்பது போய், இரண்டு தட்டும் இரண்டு விருந்தும் ஆயிற்று.

தப்பிக்க வழியில்லாமல் ஒரு நாள் ஃபவ்ஸி வீட்டுக்குப் போனபோது அவருடைய சர்க்கரை மாத்திரை அட்டையிலிருந்து நாலு மாத்திரையை ரிஃபாத் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். மறுநாள் நாலையும் ஒன்றாக விழுங்கினார். அன்று பகல் முழுவதும் பதிவு அலுவலகத்தில் பிறப்பும் இல்லை, இறப்பும் இல்லை. எழுத வேண்டியவர் கழிப்பறையைவிட்டு வரவில்லை.

கால் மரத்தது. எழுத்து இரட்டையாகத் தெரிந்தது. ஒரு குழந்தையின் பெயரை இறப்புப் பதிவேட்டில் எழுதிவிட்டு, துஹாமி சுட்டிக்காட்டியதும் அடித்தார். துஹாமி அவரை உற்றுப் பார்த்தார்.

"உஸ்தாத், ஒரு சோதனை பண்ணிப் பாருங்களேன்."

"ஃபாத்திஹா முடியட்டும்."

"நான் ஒண்ணு சொல்லணும்."

"அதுவும் முடியட்டும்."

ஃபாத்திஹா ஓதிப் பெண்ணை உறுதி செய்ய வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு இக்லால் வீட்டில் நாள் குறித்திருந்தார்கள். அன்றோடு எல்லாம் முடிந்துவிடும், ஃபாத்திஹா ஓதிவிட்டால் சனிக்கிழமை காலையிலேயே ரகசியமாக வேறு ஊருக்குப் போய் டாக்டரைப் பார்ப்பது என்று ரிஃபாத் முடிவு செய்திருந்தார். இன்னும் ஒரே ஒரு மத்தியானத்தைத் தாண்ட வேண்டும்.

கூடத்தில் நெருக்கமான மனிதர்கள்தான். ஹுஸாம் தாயின் பக்கத்தில் இஸ்திரி கசங்காமல் உட்கார்ந்திருந்தான். மயாதா எதிரே, கவ்ஸரை ஒட்டி. ஃபவ்ஸி ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு நல்ல நாற்காலியைப் பிடித்திருந்தார். பெண் வீட்டுக்கு வேண்டியவர் என்று அழைக்கப்பட்ட துஹாமி, உட்காரச் சொல்லியும் கேட்காமல் கதவருகே தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ரிஃபாத் தண்ணீர் கேட்டார். குடித்தார். இன்னொரு தம்ளர் கேட்டார். மூன்றாவதை ஹுஸாம் கொண்டுவந்தான். நாலாவது தம்ளரைக் கேட்டபோது இக்லால் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

ரிஃபாத் எழுந்து, நேரமாகிறது, ஓதிவிடலாமே என்றார். கையேந்தினார். உட்காரப் போனவர் நாற்காலிக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

தரையிலிருந்து அவரைத் தூக்கி உட்கார வைத்தார்கள். கவ்ஸர் விசிறினாள். வெயில், வெயில் என்றார் ரிஃபாத். இக்லால் குனிந்து அவர் மூச்சை முகர்ந்தார். பதினோரு வருடம் ஒரே ஆளின் மூச்சை முகர்ந்த மூக்கு அது. அழுகிய பழம் போன்ற அந்த வாடை அதற்குத் தெரியும்.

"ஃபவ்ஸி அண்ணே, உங்க சர்க்கரை பார்க்குற மிஷின் கையில இருக்கா?"

ஃபவ்ஸி சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இக்லால் ரிஃபாத்தின் விரலைப் பிடித்தார். அவர் இழுத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. ஊசி குத்தியது. ஒரு பொட்டு ரத்தம். கருவி ஐந்து நொடி எண்ணியது.

நானூற்றுப் பன்னிரண்டு.

ஹுஸாம் எட்டிப் பார்த்துவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், வண்டிக்குச் சொல்கிறேன் என்று தொலைபேசியை எடுத்தான். இக்லால் மகன் பக்கம் திரும்பவில்லை. அலமாரியிலிருந்து மடித்து வைத்திருந்த தாளை எடுத்துவந்தார். குர்ஆனுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார் போலிருக்கிறது.

"இது யாரோட தாள்?"

ரிஃபாத் மகளைப் பார்த்தார். மயாதா அவரைப் பார்க்காமல் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி ஒரு பொய் சொல்ல அவருக்கு நாக்கில் ஈரம் இல்லை. குழாயைத் துஹாமியிடம் கொடுத்ததை, எதற்குக் கொடுத்தோம் என்பதை, முதலிலிருந்து கடைசி வரை சொன்னார். தட்டைப் பற்றிச் சொன்னார், பல்வலியைப் பற்றிச் சொன்னார். மாத்திரையைப் பற்றிச் சொன்னபோது ஃபவ்ஸி, அதான் நாலு குறைஞ்சுதா, நான் என் பெண்டாட்டியை இல்ல திட்டினேன் என்றார்.

"நான் உங்க வாயில என் கையால ஊட்டுனேன்" என்றார் இக்லால். "என் புருஷனுக்கு மறுத்ததையெல்லாம் உங்களுக்கு ஊட்டுனேன், ரிஃபாத்."

சம்பந்தி என்று சொல்லவில்லை என்பது எல்லோருக்கும் கேட்டது.

"எந்திரி ஹுஸாம்."

ஹுஸாம் எழுந்திருக்கவில்லை. மயாதாதான் எழுந்தாள். அப்பாவின் எதிரே வந்து நின்றாள்.

"எனக்காகவா இப்படிச் செஞ்சீங்க?" என்று மெல்லக் கேட்டாள். "நீங்க செத்துப் போயிருந்தா, இறப்புக்குக் காரணம்கிற கட்டத்துல என்ன எழுதியிருப்பாங்கப்பா? முஷப்பக்குன்னா?"

யாரோ சிரிக்க வாயெடுத்து அடக்கிக்கொண்டார்கள். ஃபவ்ஸி ஊன்றுகோலை ஊன்றி வந்து தம்பியின் தோளைத் தொட்டார். தாள் வந்ததிலிருந்து முதன்முறையாக அவர் குரலில் பழைய பாசம் முழுதாக இருந்தது. விடுடா, நீயும் நம்ம ஆள்தான், அப்பா யாருக்கும் வஞ்சகம் செய்யவில்லை என்று ஆறுதல் சொன்னார்.

அந்தத் தோள்தொடலில் ரிஃபாத் உடைந்துபோனார்.

"நான் என்ன பண்ணட்டும் இக்லாலம்மா? எங்க ரத்தம் அப்படி. அப்பா குடுத்தது, பெரியப்பா குடுத்தது. நான் சாப்பிட்டாலும் வரும், சாப்பிடலைன்னாலும் வரும். சின்ன வயசுலயே எனக்குத் தெரியும். அதனாலதான் எதையும் கட்டுப்படுத்தல. என்மேல தப்பில்ல, என் ரத்தத்து மேலதான் தப்பு."

இக்லால் தாளை இரண்டாகக் கிழிக்கப் பிடித்தார். கதவருகே தட்டு கீழே விழுந்து உருண்டது. துஹாமி இரண்டு கையாலும் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"கிழிக்காதீங்கம்மா" என்றார். பிறகு ரிஃபாத் பக்கம் திரும்பினார். "உஸ்தாத், நான் துப்பவே இல்ல. என் எச்சில்ல என்ன இருக்குமோன்னு எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. மத்தியானம் மீனைத் தின்னுட்டு மேஜைமேல தலையை வெச்சு வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்குனீங்கல்ல, குழாயை உங்க வாயோரமாப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அஞ்சே நிமிஷத்துல கோடு தாண்டிருச்சு."